புளியங்கட்டைக்கு வெடி கேட்டு ஒரு மனு

திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் மனு எழுதிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நான். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன், பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையை என் வாசலில் விடுகிறான் என்று எந்தக் குறையோடு வந்தாலும், கால் மணி நேரத்தில் படிப்பவர் கண் கலங்கும்படி எழுதிக் கொடுத்துவிடுவேன். ஊரார் குறையை எழுதி எழுதி எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. சரியாக எழுதிய மனுவால் நடக்காத காரியம் உலகத்தில் இல்லை என்று நம்பினேன். அந்தத் திமிரில்தான், ஆடிக் கிருத்திகைக்கு எட்டே நாள் இருக்கும்போது, ‘வெடி வைக்க அனுமதி வேண்டி’ என்று பொருள் போட்டு ஒரு மனுவை என் பெயரிலேயே அனுப்பினேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். போலீசிடம் சொன்னதைத்தான் சொல்லப்போகிறேன், கொஞ்சம் விரிவாக.

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷம் விடியற்கால ரயிலில் அம்பத்தூருக்குப் போய் லேத் ஓட்டியவர். போன வருஷம் அவர் வேலை செய்த பிரிவை மூடிவிட்டார்கள். கையில் ஒரு கவரைக் கொடுத்து அனுப்பினார்கள். அதற்கப்புறமும் நாலு மணிக்கு முன்பே எழுந்துவிடுவார். பல் தேய்த்து, சட்டை போட்டு, கட்டிலில் உட்கார்ந்திருப்பார். ஒரு மாசம் பார்த்தேன், இரண்டு மாசம் பார்த்தேன். டிவியில் எது ஓடினாலும் அதைப் பார்த்தபடி இருப்பார். நிறுத்தினால் நிறுத்திய டிவியைப் பார்ப்பார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கோபம் என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் பயம்.

அப்புறம் ஒருநாள் அவராகவே போய், மானியத்தில் எண்பது ஒட்டு மாங்கன்று வாங்கி வந்தார். ஆர்.கே.பேட்டை தாண்டி மலையடிவாரத்தில் அவர் பாகத்துக்கு வந்த நிலம் இரண்டு ஏக்கர் சில வருஷமாகச் சும்மாத்தான் கிடந்தது. அங்கே மாந்தோப்பு வைக்கப் போவதாகச் சொன்னார். கன்றுகள் வீட்டுப் பின்பக்கம் கறுப்புப் பையில் வரிசையாக நின்றன. நாலு மணிக்கு எழுந்தவருக்கு இப்போது வேலை இருந்தது. ஒவ்வொரு கன்றுக்கும் சொம்பில் தண்ணீர் ஊற்றுவார், இலையைத் திருப்பிப் பார்ப்பார். சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு காபி போடும்போது எனக்கு மனசு நிறைந்திருந்தது. இந்த மழைக்குள் இந்த எண்பதும் மண்ணுக்குப் போயாக வேண்டும். பையிலேயே வேர் சுருண்டு கன்று போனால், மனுஷனும் திரும்பக் கட்டிலுக்குப் போய்விடுவார். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இதில் குறுக்கே நின்றவை ஒன்பது புளியங்கட்டைகள்.

என் மாமனார் காலத்தில் அந்த நிலத்தில் ஒன்பது புளிய மரம் இருந்தது. அவர் மரத்தை நின்ற நிலையில் ஒரு வியாபாரிக்கு விற்றார். வியாபாரி முழங்கால் உயரத்துக்கு மேலே அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடிக்கட்டைகளும் வேரும் நமக்கு. ஒவ்வொன்றும் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு அகலம். இரண்டு ஆளை வைத்துக் கோடாலி, கடப்பாறை போட்டுப் பார்த்தோம். இரண்டு நாளில் ஒரு கட்டையில் கால் பாகம் போயிற்று. மூன்றாம் நாள் ஆட்கள் வரவில்லை. ஜேசிபி வந்தால் ஒரு பகல் வேலை. ஆனால் ஜேசிபி உள்ளே வர வழி கிடையாது. ஒரு பக்கம் காப்புக்காடு, இரண்டு பக்கம் ஓடை, மிச்சமிருக்கும் பக்கம் இன்னொருவர் நிலம். ஆள் நடக்க வரப்பு உண்டு. வண்டி போக வேண்டும் என்றால் அவர் பயிர் வைக்கும் கொல்லியில்தான் இறங்கவேண்டும். அவரோடு எங்களுக்குப் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த நேரத்தில்தான் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் இருக்கும் நகரியிலிருந்து என் நாத்தனார் புருஷன் வந்தார். என் வீட்டுக்காரருக்கு அவர் பாவா. எனக்கு அண்ணன் முறை. ஒரு கல்குவாரியில் மேஸ்திரியாக இருக்கிறார். எந்தச் சிக்கலைச் சொன்னாலும் “இதானா” என்று ஆரம்பிப்பவர்.

“இதானா. ஒம்போது கட்டைக்கா இவ்ளோ யோசன? எங்க குவாரில வெடி வைக்கிறவன் ஒருத்தன் கீறான். காலைல கூட்டினு வரேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு வூட்டுக்கு வந்துரலாம்” என்றார்.

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. நான்தான் கேட்டேன்: “அவருக்கு லைசென்ஸ் இருக்குதாண்ணா?”

“லைசென்ஸ் இல்லாமலா குவாரில வெச்சிருப்பாங்க? பக்காவா கீது.”

“போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லுங்க.”

பாவாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் காகிதத்தைப் பார்க்காமல் என்னால் ஒரு காரியமும் செய்ய முடியாது. என்னைப் பெண் பார்க்க வந்தபோதே மாப்பிள்ளையின் கம்பெனி அடையாள அட்டையைக் கேட்டவள் நான். சாயங்காலம் வாட்ஸப்பில் போட்டோ வந்தது. பெரிதாக்கி வரி வரியாகப் படித்தேன். வெடிமருந்து லைசென்ஸ் குவாரி முதலாளி பெயரில் இருந்தது. இன்ன மண்டலம், இன்ன கிராமம், இன்ன சர்வே எண், அங்கே மட்டும். இந்த ஆளிடம் இருந்தது வெடி வைக்கத் தெரியும் என்பதற்கான சான்று, அதுவும் அந்த குவாரிக்குத்தான்.

“இதுல நம்ம நெலத்துக்கு எடமே இல்லண்ணா” என்றேன்.

“கல்லுக்கு வைக்கிறவன் கட்டைக்கு வைக்க மாட்டானா?”

“வைப்பாரு. கட்டைக்கு வெச்சதுக்கு ஜெயிலுக்கும் போவாரு. மருந்து அங்கேருந்து எப்படி வரும்?”

பாவா என்னைப் பாவமாகப் பார்த்தார். “பைக்ல தான். பின்னாடி மூட்டைல கட்டினு வந்தா யார்மா கேக்கப் போறாங்க?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மாநில எல்லை என்பது வீட்டு நிலைப்படி மாதிரி, தாண்டுவதற்குத்தான் இருக்கிறது. பெட்ரோல் எங்கே விலை குறைவோ அங்கே போட்டுக்கொள்வோம். பெண் கொடுப்பது அங்கே, பிரசவம் இங்கே. அங்கே நடக்கிற காரியம் இங்கேயும் நடக்கும், இங்கே நடக்காததை அங்கே போய் முடித்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் வளர்ந்திருக்கிறோம். வெடிமருந்துக்கு மட்டும் ஓர் இடம் உண்டு, அந்த இடத்தைவிட்டு அதை யாரும் தம் இஷ்டத்துக்கு நகர்த்தக்கூடாது என்றால் பாவாவுக்குப் புரியவில்லை.

“டில்லி சட்டம்தானே இது? அப்ப ஆந்திராவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒண்ணுதானே?” என்று ஒரு பாயின்ட் எடுத்தார்.

“ஒண்ணுதான். ரெண்டு எடத்துலயும் உள்ள போடுவாங்க. லைசென்ஸ் இல்லாம மருந்து கையில இருந்தாலே போதும், வெடிக்கக்கூட வேணாம். ஜாமீன் சுலபத்துல கிடைக்காது. ஜாமீனுக்கு நடக்கற வேலையும் என் தலைலதான் விழும்.”

பாவா காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் எழுந்து பின்பக்கம் போனார். சொம்பு சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றும் வேளையே இல்லை அது.

அந்தச் சத்தம்தான் என்னை மனு எழுத வைத்தது. சட்டப்படி முடியாது என்றா சொன்னேன், இந்த வழியில் முடியாது என்றேன். முறையாக லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரை வைத்து, முறையாக அனுமதி வாங்கினால் யார் தடுக்கப் போகிறார்கள்? அன்றைக்கே உட்கார்ந்து கலெக்டருக்கு எழுதினேன். நகல் தாசில்தாருக்கு, நகல் காவல் ஆய்வாளருக்கு. மனு நன்றாகத்தான் வந்தது. ‘ஒன்பது இடங்களில் பாதுகாப்பான முறையில் வெடி வைத்துத் தகர்க்க’ என்ற வரியைப் படித்துவிட்டு நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

பெருமையில் ஒன்றை மறந்துவிட்டேன். ஊரில் அப்போது தடுப்புக் கட்டைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. கடைக்கு எதிரிலேயே சவுக்குக் கம்பம் நடுகிறார்கள், காவடிக் கூட்டத்துக்குத் தண்ணீர்த் தொட்டி வைக்கிறார்கள், வெளி மாவட்டத்துப் போலீஸ் வேனில் வந்து இறங்குகிறது. அத்தனையும் என் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. லட்சக்கணக்கில் ஜனம் மலையேறப் போகிற வாரத்தில், ஒரு பொம்பிளை ஒன்பது இடத்தில் வெடி வைக்க எழுத்து மூலமாக அனுமதி கேட்கிறாள். வேறு எந்த ஊரிலாவது அந்த மனு ஆறு மாசம் தூங்கியிருக்கும். இங்கே மறுநாளே ஜீப் வந்தது.

இறங்கியவர் சின்ன வயசு எஸ்.ஐ. கூட இரண்டு போலீஸ். ஒருவர் கடைக்குள் நுழைந்து மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கே என் செருப்பும் சாப்பாட்டுக் கூடையும்தான் இருந்தன.

“மனு எழுதினது யாரு?” என்றார் எஸ்.ஐ.

“நான்தாங்க.”

“யாருக்காக எழுதினீங்க?”

“எனக்காகத்தாங்க.”

அவர் மனுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எதைத் தகர்க்கணும்?”

“புளியங்கட்டைங்க.”

“ஒம்போது இடம்னு போட்டிருக்கே.”

“ஒம்போது கட்டைங்க.”

“அதை ஏம்மா கிருத்திகை வாரத்துல கேக்கறீங்க?”

“மாங்கன்னு வாடிப்போவுதுங்க.”

பக்கத்து டீக்கடையில் டீ ஆற்றுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. தாலுகா ஆபீஸ் மாடி ஜன்னலில் நாலு தலை. எஸ்.ஐ. நல்ல பையன்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு வாக்குமூலம் எழுத வேண்டும் என்றார். அவருடைய பேனா எழுதவில்லை. என் பேனாவைக் கொடுத்தேன். அவர் கையெழுத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் நானே டைப் செய்கிறேன் என்று உட்கார்ந்து, என்னை நானே விசாரித்து, என்னுடைய வாக்குமூலத்தை நானே அடித்து, மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன். ‘மேற்படி பெண்மணி கலக்கமடைந்த நிலையில் காணப்பட்டார்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்க்க மாட்டேன் என்றேன். நான் கலங்கவில்லை, கடுப்பில் இருந்தேன். இரண்டும் வேறு.

அடுத்த சில நாள் கடைக்கு வந்தவர்கள் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் தன் பென்ஷன் மனுவிலும் “அந்த மாதிரி ரெண்டு வார்த்தை போடும்மா” என்று கேட்டார்.

விஷயத்தைக் கேள்விப்பட்டுப் பாவா மறுபடி வந்தார். இந்தத் தடவை காபி போடும்வரைகூடப் பொறுக்கவில்லை. “கிருத்திகை அன்னிக்கு மொத்த போலீசும் மலை மேல இருக்கும். அன்னிக்கு வெச்சுட்டா எவனும் வரமாட்டான். சத்தம் கேட்டாலும் எங்கியோ வாணம் வுடறாங்கன்னு நெனைச்சுக்குவாங்க” என்றார்.

சட்டமாகப் பார்த்தால் குற்றம், கற்பனையாகப் பார்த்தால் நல்ல கற்பனை. நான் சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

“செஞ்சா என்ன?” என்றார் மெதுவாக.

“செய்யக்கூடாது.”

“ஒரே ஒரு நாள். முடிஞ்சுடும்.”

“யாருக்காவது ஒரு கல் தெறிச்சு கண்ணு போனா? நீ உள்ள போனா? நாலு மணிக்கு எழுந்து எந்தச் செடிக்குத் தண்ணி ஊத்துவே?”

“உனக்குக் காயிதம்தான் பெருசு” என்று சொல்லிவிட்டுப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். கல்யாணமாகி அவர் என்னைக் கடிந்து பேசிய தடவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாவா எழுந்து, “நான் கெளம்பறேம்மா” என்று செருப்பைத் தேடினார். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். சரியாக இருந்தும் சோறு இறங்கவில்லை.

ஆவணி பிறந்து கிராம நிர்வாக அலுவலர் நிலத்தைப் பார்க்க வந்தார். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டை கட்டையாக நடந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன். ஓடை ஓரத்தில் இருந்த இரண்டு கட்டைகளிடம் நின்றவர், வரைபடத்தை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

“இந்த ரெண்டும் உங்களுதில்லம்மா. ஓடைப் புறம்போக்கு. சர்க்கார் கட்டை.”

“எங்க மாமனார் இந்த மரத்தை வித்தாருங்களே.”

அவர் என்னை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். “அதை எங்கிட்ட சொல்லாதீங்க” என்றார்.

ஊருக்கே புத்தி சொல்கிறவள் அரசாங்க மரம் திருடிய குடும்பத்து மருமகள் என்பது அப்படித்தான் தெரிய வந்தது. அந்த மனுவைப் போடாமலிருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

மீதி ஏழு கட்டைக்கு என்ன வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மனு நான் போட்டால் செல்லாது, லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் போட வேண்டும். பக்கத்தில் காப்புக்காடு இருப்பதால் வனத்துறையிடம் ஆட்சேபணை இல்லை என்று வாங்க வேண்டும். போலீஸ், தீயணைப்பு. இதெல்லாம் எனக்குப் புதிதில்லை, நடந்து வாங்கிவிடுவேன். கடைசியாக வரப்புக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

“அந்தக் கெணறு ரொம்பக் கிட்ட இருக்குது. விரிசல் வுட்டா அவங்க பொழப்பே போச்சு. அவரு கையெழுத்து இல்லாம எந்த ஆபீசரும் இதுல கை வைக்க மாட்டாங்க.”

எந்த ஆள் ஜேசிபிக்கு வழி விடமாட்டார் என்று வெடிக்குப் போனேனோ, வெடிக்கு அதே ஆளின் கையெழுத்து வேண்டும். சட்டம் எழுதியவன் எங்கள் சண்டையைக் கேள்விப்பட்டவன் போல.

அந்தச் சண்டையைப் பற்றி நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அறுவடைக்கு நிலத்துக்குப் போயிருந்தேன். எங்கள் வரப்பை அவர்கள் ஒரு அடி வெட்டியிருப்பதாக எனக்குப் பட்டது. உண்மையில் வெட்டினார்களா என்று அளந்து பார்க்கவில்லை. அவர் வீட்டம்மா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் வாய் முற்றியது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு அது தெரியும். தெரிந்துதான், “அடுத்தவங்க மண்ணையும் சேத்து சேத்து யாருக்கு வெச்சுட்டுப் போகப் போறீங்க?” என்று கேட்டேன். அந்த அம்மா கையிலிருந்த துணியைக் கல்லில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை பதில் இல்லை. சண்டையில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ் திருத்தணி வரும்வரை கல்லில் கிடந்த அந்தத் துணிதான் கண்ணில் நின்றது. அதற்கப்புறம் நான் அந்த நிலத்துப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். அவர்கள் நம்மோடு பேசுவதில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கையெழுத்து விஷயத்தை வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர், “நான் வேணா போய்க் கேக்கறேன்” என்றார். வேண்டாம் என்றேன். பார்க்கலாம் என்றேன். புரட்டாசி பாதி போயிற்று.

ஒருநாள் காலையில் காபி போடும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வரிசை குறைந்திருந்தது. எண்ணினேன். அறுபத்தெட்டு.

“மீதி எங்க?”

“தெருவுல கேட்டவங்களுக்குக் குடுத்தேன். நம்ம வேலை ஆவறதுக்குள்ள மழை புடிச்சுக்கும். வீணாப் போவறதுக்கு யாராவது வெச்சுக்கட்டும்” என்றார். குரலில் கோபமில்லை. எனக்கு அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தை மட்டும் டைப் செய்து எடுத்துக்கொண்டு டவுன் பஸ் பிடித்தேன்.

அவர் வாசலில் உட்கார்ந்து களைக்கொத்துக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். என் கடிதத்தை அவ்வளவு ஒழுங்காக எந்த அதிகாரியும் படித்ததில்லை.

“வெடி வெச்சா என் கெணறு இன்னா ஆவும்?”

“கான்ட்ராக்டர் பொறுப்பெடுத்துக்குவாருங்க.”

“கெணத்துல தண்ணி போனா அவரு வந்து ஊத்துவாரா?”

அவர் கடிதத்தை மடியில் வைத்தார்.

“ஜேசிபி வுட்டா ஒரு நாள் வேலை. இன்னாத்துக்கு வெடி?”

“வழி இல்லீங்களே.”

“என் கொல்லி வழியா வரலாமே.”

“நீங்க வுடுவீங்களா?”

“நீ கேட்டியா?” என்றார்.

கலெக்டரைக் கேட்டேன், தாசில்தாரைக் கேட்டேன், போலீசைக் கேட்டேன். இந்த மனுஷனைக் கேட்கவில்லை. அவர் கடிதத்தை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் தலையைச் சாய்த்துக் காட்டினார்.

“எனக்கு ஒண்ணுமில்ல. உள்ள கீறா, அவளைக் கேளு. பேச்சு வாங்கினவ அவதான்.”

உள்ளே அந்த அம்மா முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷத்தில் தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கடலையைப் பார்த்தார். நான் நின்றேன். கை தட்டினால் வார்த்தை வரும் எனக்கு, அன்றைக்கு ‘தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது’ என்பதைத் தவிர ஒன்றும் நாக்குக்கு வரவில்லை. அதைச் சொன்னால் அடித்தே துரத்தியிருப்பார்.

“அக்கா, அன்னிக்கு நான் பேசினது தப்பு” என்றேன்.

“எதைச் சொல்றே? நெறைய பேசினே” என்றார்.

வேண்டுமென்றேதான் கேட்டார். நான் சொல்லியாக வேண்டும். “சேத்து சேத்து யாருக்கு வெச்சுட்டுப் போகப் போறீங்கன்னு கேட்டேன்.” ஒருத்தியைக் குத்திய கத்தியை அவள் எதிரிலேயே மறுபடி உறையிலிருந்து எடுப்பது மாதிரி இருந்தது. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் இரண்டு மூன்று கடலை உரித்தார்.

“அதுக்கு ஒரு பதில் வெச்சிருந்தேன். நீ அந்தாண்ட போனதும் தோணிச்சு. நறுக்குனு கீற பதில். பதினோரு வருசமா மனசுல சொல்லிப் பாத்துகினே இருந்தேன், உன்னைப் பாத்தா சொல்லணும்னு.” என்னைப் பார்த்தார். “இப்ப நீ வந்து நிக்கிறே. மறந்து போச்சு.”

நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நாளான்னிக்கு வேர்க்கள்ள புடுங்கி முடிச்சுருவோம். தரை காலியாத்தான் இருக்கும். மழை பெய்யறதுக்கு முந்தி வரச் சொல்லு, அப்பறம் வண்டி சேத்துல மாட்டிக்கும். கெணத்து ஓரம் மட்டும் வரக்கூடாது” என்றார்.

ஜேசிபி வந்தது. காலை ஒன்பது மணிக்கு இறங்கி, சாயங்காலம் நாலு மணிக்குள் ஏழு கட்டையையும் வேரோடு புரட்டிப் போட்டுவிட்டது. சர்க்கார் கட்டை இரண்டையும் தொடவில்லை. அவை இன்றைக்கும் ஓடை ஓரத்தில் துளிர் விட்டுக்கொண்டு நிற்கின்றன. வெடியைப் பார்க்க முடியவில்லையே என்று பாவாவுக்கு வருத்தம். ஆனாலும் குழி எடுக்க இரண்டு நாள் கூடவே நின்றார். அறுபத்தெட்டுக் கன்றும் மழைக்கு முந்தின வாரத்தில் மண்ணுக்குப் போயிற்று. இப்போது என் வீட்டுக்காரர் நாலு மணிக்கு எழுந்து முதல் டவுன் பஸ்ஸுக்குப் போகிறார். வேலைக்குப் போகிறவர் மாதிரி சட்டை தேய்த்துப் போட்டுக்கொள்கிறார். தூக்கில் சோறு கட்டிக் கொடுக்கிறேன்.

மனுவை அப்படியே விடக்கூடாது என்று, ‘வெடி தேவையில்லை’ என்று இன்னொரு மனு போட்டேன். அதற்கும் அதே எஸ்.ஐ. வந்தார்.

“ஏன் வேணாம்னு எழுதியிருக்கீங்க? வேற எங்கியாவது கிடைச்சுதா?” என்றார்.

அதற்கும் ஒரு வாக்குமூலம் அடித்தேன். மூன்று பிரதி.

இப்போது மாசத்துக்கு இரண்டு மூன்று தடவை நானும் நிலத்துக்குப் போகிறேன். போகிற வழி அந்த அம்மாவின் வாசல் வழிதான். நின்று பேசுகிறோம். மழை, கடலை விலை, முழங்கால் வலி என்று பேச்சு போகும். போன தடவை பேசிவிட்டு நாலடி நடந்திருப்பேன், பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“ஏம்மா, அந்தப் பதிலு ஞாபகம் வந்துருச்சு.”

திரும்பி வந்து அவர் எதிரில் நின்றேன். “சொல்லுங்கக்கா” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். “போ போ, பஸ் போயிரும். இந்த வழிலதானே வரப்போறே, ஒருநாளைக்குச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை அந்த வாசலைத் தாண்டும்போதும் நான் நடையைக் குறைக்கிறேன். சொல்லிவிட்டால் நிம்மதியாக இருக்கும். நானாகப் போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.